ஒன்பதாம் வகுப்புக்கு நகர்ந்த அட்டை

ஏழாம் வகுப்புக்குக் கீழே குத்தியிருந்த நீல அட்டையைப் பிடுங்கி, ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே குத்தினாள் அவள். குத்திவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். பள்ளி நூலகத்தின் நீளச் சுவரை அடைத்துக்கொண்டு தெர்மாகோல் பலகை நின்றது. ஆறிலிருந்து பத்து வரை ஐந்து வகுப்புக்கு ஐந்து பத்திகள்; கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று நான்கு நிறத்தில் அட்டைகள். ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து பத்தாம் வகுப்பு முடித்து வெளியே போவதற்குள் ஆங்கிலத்தில் எதை முதலில் கற்க வேண்டும், எதை அப்புறம், எது எதன்மேல் ஏறி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. விடுமுறை முழுவதையும் அதற்குத்தான் கொடுத்திருந்தாள். நீல அட்டையில் எழுதியிருந்தது ஒரே வரி: 'முன்பின் பார்த்திராத படத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் சொந்தமாகப் பேசுதல்.' அது ஏழாம் வகுப்பில்தான் வர வேண்டும். அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. கூச்சம் வந்து குடியேறுவதற்கு முன்னால் பிள்ளைகளின் வாயைத் திறந்துவிட வேண்டும். ஒன்பதாவது வந்துவிட்டால் பக்கத்துப் பெஞ்சு சிரிக்குமோ என்கிற பயம் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் நகர்த்தினாள். ஏனென்றால் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர் மணிக்கூண்டு சார்.

மணிக்கூண்டு என்று அவருக்குப் பெயர் வைத்தது எந்தக் காலத்துப் பிள்ளைகளோ தெரியாது. உயரமும் அப்படி, நேரந்தவறாமையும் அப்படி. அவரிடம் ஐந்து கட்டுரைகள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுதியவை. வருடா வருடம் அதே ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்ளும், ஒப்பிக்கும், தேர்வில் கக்கும், தேறும். தேர்ச்சி விழுக்காட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அவர் ஆங்கிலத்தில் பேசிக் கேட்டவர் யாரும் இல்லை. வகுப்பில் பேசுவது அத்தனையும் அச்சடித்த வாக்கியங்கள்: எழுந்து நில், புத்தகத்தைத் திற, உட்கார். வெளியிலிருந்து அதிகாரி யாராவது வந்தால் அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிவிடும். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. பெரிய மனிதருடைய சட்டைக் கிழிசலை யார் சுட்டிக்காட்டுவது?

தனக்குப் பேச வராது, சரி. பேச வராத பிள்ளையை அவர் என்ன செய்வார் என்பதுதான் விஷயம். அதற்கு 'வாய்ப்பூட்டு' என்று பெயர். கேள்வி கேட்டு, ஆங்கிலத்தில் பதில் வரவில்லை என்றால், அந்தப் பிள்ளை தன் ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின் மேல் தானே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அடி கிடையாது, திட்டு கிடையாது. கேள்வி கேட்டவர் 'உட்கார்' என்று சொல்கிறவரைக்கும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அடியாவது வீட்டுக்குப் போவதற்குள் ஆறிவிடும்.

அவளுடைய அண்ணன் அப்போது இதே பள்ளியில் ஒன்பதாவது, அவள் ஆறாவது. சேர்ந்துதான் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஒரு நாள் கடைசி மணி அடித்து, கூட்டமெல்லாம் கலைந்து, பள்ளி வாசலில் அவள் மட்டும் நின்றாள். அண்ணன் வரவில்லை. பயந்துகொண்டே மாடியேறிப் போய்ப் பார்த்தபோது காலி வகுப்பறையில், சன்னலோரம் மூன்றாவது பெஞ்சில், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்ல வேண்டியவர் மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டார். "வாண்ணா, மணி அடிச்சாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவன் விரலை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். அவள் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் மேடைமேல் ஏறிக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு "உட்கார்!" என்று கத்தினாள். அதற்குத்தான் அவன் ஒரு நொடி விரலை எடுத்தான். "நீ சொன்னா செல்லாது. கேள்வி கேட்டவங்கதான் சொல்லணும்." சொல்லிவிட்டு மறுபடி விரலை வைத்துக்கொண்டான். பூட்ட வந்த காவலாளிதான் இரண்டு பேரையும் விரட்டிவிட்டார். மறுநாள் அண்ணன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்புறம் எப்போதுமே வரவில்லை.

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்கிறவர்கள் அடுத்தவர் புண்ணைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அவளுக்கு அது ஆறவில்லை, அவளும் ஆறவிடவில்லை. ஆங்கிலம் படித்ததே வெறியில்தான். கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்ட பள்ளியை விட்டுவிட்டு இந்தப் பள்ளியில்தான் வேலை வேண்டும் என்று வந்து சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு காட்சி பார்த்தாள். பேருந்து பழுதாகி மணிக்கூண்டு சார் ஒரு நாள் மணி அடித்த பிறகு வந்தார். கரும்பலகை ஓரத்தில் தாமதமாக வந்த பிள்ளைகளின் பெயர்களுக்கு அடியில் தன் பெயரையும் எழுதிவிட்டு, வகுப்புக்கு வெளியே போய் அந்தப் பாடவேளை முழுவதும் வெயிலில் நின்றார். "சட்டம்னா எனக்கும்தான்" என்றாராம். ஆசிரியர் அறையே மெச்சிக்கொண்டது. அவள் மட்டும் தேநீரைக் குடித்து முடித்தாள். இந்த மனிதரை எங்கே பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரிடம் இருந்த கெட்ட குணம் எதையும் வைத்து அவரை ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு நல்ல குணம் போதும்.

பொறுத்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சும்மா இல்லை. இந்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை, பத்தாவது முடித்த பிள்ளை ஒன்றிடம் பெயரைக் கேட்டுவிட்டு அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளை விழித்தது. உடனே ஆங்கில ஆசிரியர்களைக் கூட்டினார். பத்தாவது எடுப்பவர் ஒன்பதாவதைக் கை காட்டினார், ஒன்பதாவது எட்டைக் காட்டியது, எட்டு ஏழை, ஏழு ஆறை, ஆறாம் வகுப்பு டீச்சர் "கீழருந்து வரும்போதே ஒண்ணும் இல்லாமத்தான் வருதுங்க" என்று தொடக்கப் பள்ளியை நோக்கிக் கையை விரித்தார். ஐந்து வகுப்பின் பாடக் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கூத்தாக இருந்தது. ஆறாவதில் விடுப்புக் கடிதம், ஏழாவதில் விடுப்புக் கடிதம், எட்டு, ஒன்பது, பத்திலும் அதே விடுப்புக் கடிதம். ஐந்து வருடமும் எல்லாப் பிள்ளைகளும் அதே காய்ச்சலில் கிடந்தார்கள். ஒருத்தருக்கு வயிற்றுவலி கூட வரவில்லை. "யாராவது ஒருத்தர் ஆறுலேருந்து பத்து வரைக்கும் சேர்த்து யோசிங்க" என்று தலைமையாசிரியை கேட்டபோது அவள்தான் எழுந்தாள். பயிற்சி எடுத்தவள், ஆர்வமுள்ளவள், எல்லோருக்கும் நிம்மதி.

வேலையை மனசாரச் செய்தாள், அதைச் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழே இறங்கினாள். பத்தாவது முடிகிற பிள்ளை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் தன் பேச்சைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அதற்கு ஒன்பதில் என்ன வேண்டும், அதற்கு எட்டில் என்ன என்று படிப்படியாக. விடுப்புக் கடிதத்தை ஒரே ஒரு வகுப்பில் வைத்தாள். ஆறாவதில் வழி கேட்பதும் வழி சொல்வதும், ஏழாவதில் நேற்று நடந்ததைச் சொல்வது. பலகை நிரம்ப நிரம்ப அவளுக்கே பெருமை வந்தது. இப்படி யாராவது அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் அண்ணன் படித்திருப்பான். அந்த நினைப்பு வந்த அன்றுதான் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'மாணவர் செய்ய வேண்டிய எதையும், ஆசிரியர் முன்தயாரிப்பு இல்லாமல் வகுப்பின் முன்னால் முதலில் செய்துகாட்ட வேண்டும்.' நல்ல வரி. எந்தக் கல்வியாளரும் தலையாட்டுகிற வரி. உள்ளே முள் இருந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

கூட்டத்தில் தலைமையாசிரியை அந்த வரியை இரண்டு முறை உரக்கப் படித்தார். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுத் திட்டத்தைக் காட்டலாம், வகுப்புக்கு ஓர் அட்டையை அந்தந்த ஆசிரியரே மேடையில் செய்துகாட்டலாம் என்று அவரே சொன்னார். அவள் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கடைசி நாற்காலியிலிருந்து மணிக்கூண்டு சார் கையைத் தூக்கினார்.

"எல்லா டீச்சருக்குமா?"

"எல்லாருக்கும்தான் சார். எனக்கும்தான்" என்றார் தலைமையாசிரியை.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, திட்டத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அவள் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராதா?

அதற்கப்புறம்தான் நீல அட்டையை நகர்த்தியது. மறுநாளே ஏழாம் வகுப்பு டீச்சர் கண்டுபிடித்துவிட்டாள். வெகுளி, நாலு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை சிரிப்பாக இருக்கும். "ஏங்க, அந்தப் படத்தப் பார்த்துப் பேசறது என்னோடதுதானே? நான் படமெல்லாம் வெட்டி வச்சிருக்கேனே."

"ஏழுல அவசரம்னு தோணுச்சு. ஒன்பதுல கொஞ்சம் முதிர்ச்சி இருக்கும்."

"ஒன்பதுல வாயத் திறக்க வைக்கிறதுக்குள்ள நமக்கு வாய் வலிச்சிடும்" என்று சிரித்தாள். "சரி, நீங்க யோசிக்காம செய்ய மாட்டீங்க." அந்த டீச்சர் நம்பிப் போன விதம் அவளைச் சுருக்கென்று குத்தியது. இரண்டு வருடத்துப் பிள்ளைகளின் பேச்சை ஓர் ஆளுக்காகப் பிடுங்கி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. அடுத்த வருடம் திருப்பி மாற்றிவிட்டால் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். யார் தலையில் கை வைத்தாவது இந்த ஒன்றை முடித்துவிட வேண்டும் என்கிற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

அந்த வாரமே ஏழாம் வகுப்பு டீச்சர் இன்னொரு சேதி கொண்டு வந்தாள். "மணிக்கூண்டு சார் நம்ம ஆபீஸ்ல கிடந்த பழைய காலண்டர் எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டார். சந்தை, கடற்கரை, ரயில்வே ஸ்டேஷன், மழைன்னு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் பண்றாராம். அவங்க வீட்டம்மா சொன்னாங்க. சாப்பிடும்போதும் வாய் முணுமுணுக்குதாம். கேட்கவே பாவமா இருந்துச்சுங்க."

அவளுக்குப் பாவமாக இல்லை. எந்தப் படத்தை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள், அது அந்த நொடியில் முடிவாகிவிட்டது. சாயங்காலம் மாடிக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக் கதவைத் திறந்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். காலி பெஞ்சுகள், கரும்பலகை, சன்னல் வழியே விழுந்த வெயில். மூன்றாவது பெஞ்சு நடுவில் வருகிற மாதிரி எடுத்தாள். அஞ்சலட்டை அளவில் அச்சுப்போட்டு உறையில் வைத்து ஒட்டினாள். உலகத்திலேயே அவருக்கு அதிகம் தெரிந்த இடம். வீட்டு அடுப்படியை விட நன்றாகத் தெரிந்த இடம். ஆனால் அவருடைய எந்தக் கட்டுரையிலும் அது கிடையாது.

உறையை ஒட்டிய கை காய்வதற்குள் அவர் நூலக வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வரலாமாம்மா?"

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பலகையைப் பார்த்தபடியே பேசினார். "எனக்கு இது கடைசி வருஷம்."

"தெரியும் சார்."

"படத்தக் காட்ட வேணாம். எதைப் பத்தினதுன்னு மட்டும் சொன்னா போதும். சந்தையா, ஊரா, என்னன்னு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாங்க படிக்கும்போது யாரும் பேசிக் காட்டலம்மா. எழுதிப் போட்டாங்க, எழுதினோம். அதுல பாஸாகி, அதையே எழுதிப் போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இதற்காகத்தானே காத்திருந்தது. அவர் தலை குனிந்து நிற்கிறார், மறுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள். அவசரப்படாமல் கேட்டாள். "உங்க வகுப்புல, எழுப்பி விடறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட கேள்வியச் சொல்லிடுவீங்களா சார்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "இல்ல."

"அப்புறம்?"

"சரிதாம்மா. நான் கேட்டதுதான் தப்பு." வாசல் வரை போனவர் நின்று, பலகையை மறுபடி பார்த்தார். "அந்த நீல அட்டை முன்னாடி ஏழுல இருந்துச்சு போல. அது ஏழுலயே இருக்கறதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. எங்கிட்ட வர்றதுக்குள்ள வாய் பூட்டிக்குது."

தப்பிக்க வழி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பூட்டியது யாராம்? ஆனால் அவர் சொன்னது சரி என்பதும், அது தனக்கும் தெரியும் என்பதும் இரவுச் சாப்பாடு வரைக்கும் அவளைவிட்டுப் போகவில்லை.

அண்ணன் மைக் செட் வைத்திருக்கிறான். கல்யாணம், கூட்டம், கடை திறப்பு எதுவானாலும் அவன்தான். ஊரையே பேச வைக்கிறவன் தான் மேடையேறி ஒரு வார்த்தை பேசியதில்லை. 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' என்பதுதான் கூட்டத்தில் அவன் பேசுகிற பேச்சு. தொழிலில் குறை இல்லை, வீடு கட்டிவிட்டான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆனால் மகள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் அவனுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். பள்ளிக் கூட்டங்களுக்கு அண்ணிதான் போவாள். சனிக்கிழமைக்கு மைக் கட்ட வரச் சொல்லி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, அவன் வாசலில் உட்கார்ந்து வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம ஸ்கூலுக்கா? வேற ஆளப் பாரேன்."

"நீதான் வரணும்ணா."

"என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் இல்ல. வேலைதானே, வந்து கட்டிக் குடு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "சின்னப் பிள்ளைல இருந்து பொய் சொன்னா உனக்கு மூக்கு அரிக்கும்." அவள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் போவதற்குள் அரங்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் கட்டியாகிவிட்டது. அண்ணன் மேடையின் ஓரத்தில், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். பெற்றோர் நிறையவே வந்திருந்தார்கள். பாதிப் பேர் இதே பள்ளியில் படித்தவர்கள். மணிக்கூண்டு சாரின் ஐந்து கட்டுரைகளையும் இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். நூலகத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பலகையைக் காட்டி அவள் ஐந்து வருடத்தை விளக்கினாள். ஆறாம் வகுப்பு டீச்சர் மேடையில் நின்று பேருந்து நிலையத்துக்கு வழி சொன்னாள். ஏழாம் வகுப்பு டீச்சர் நேற்று வீட்டில் பால் பொங்கி வழிந்த கதையைத் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். எட்டாவதும் முடிந்தது. அவள் உறையைக் கையில் எடுத்தாள்.

மணிக்கூண்டு சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. சந்தையோ கடற்கரையோ உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவள் உறையைப் பிரித்துப் படத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, இந்தப் படத்தில் என்ன பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மைக்கில்தான் கேட்டாள். அவர் படத்தைப் பார்த்தார். முணுமுணுத்த உதடு நின்றது. 'இந்தப் படத்தில் நான் பார்ப்பது' என்ற தொடக்கத்தை ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னார். அதுவரைக்கும் எல்லாக் கட்டுரைக்கும் பொது. அதற்குமேல் வரவில்லை. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். பெஞ்சு, பலகை, சன்னல். எல்லா வார்த்தையும் அவருக்குத் தெரியும். ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித் தந்தவர். ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையோடு சேர்த்து வெளியே அனுப்ப மட்டும் தெரியவில்லை. அவர் மூச்சு வாங்குவது அரங்கத்தின் நான்கு மூலையிலும் கேட்டது.

அவள் உதவவில்லை. முகத்தில் மரியாதையான ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒவ்வொரு நொடியும் இனித்தது. பார், அண்ணா, பார் என்று மனசு கூவியது. அவர் படத்தை மடிக்காமல் மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

முதலில் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் சிரித்தார்கள், ஏதோ நடித்துக் காட்டுகிறார் என்று. அப்புறம் அரங்கத்தில் அங்கங்கே ஏதோ நடந்தது. பின்வரிசையில் தொந்தியோடு சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நடுவில் இருந்த ஒருத்தி தோள் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக, தாங்கள் செய்வது தங்களுக்கே தெரியாமல், வகுப்பில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள். மூச்சுக் காட்டாமல் இருந்தது அரங்கம். தலைமையாசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. "பழைய முறை எப்படி இருந்ததுன்னு சார் அழகா காட்டிட்டார்" என்று சமாளித்து, கைதட்டி, எல்லோரையும் வராந்தாவில் தேநீருக்குக் கூப்பிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. கூட்டம் மெல்லப் பேசிக்கொண்டே வெளியே போயிற்று. தொந்திக்காரர் மட்டும் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மணிக்கூண்டு சார் இறங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. சட்டப்படி காத்திருக்கும் ஒரு பிள்ளையின் பார்வை. கேள்வி கேட்டவள் அவள். அவள்தான் சொல்ல வேண்டும்.

சொல்லமாட்டேன் என்று நினைத்தாள். நிற்கட்டும். வெயில் சாயட்டும், பூட்ட ஆள் வரட்டும், அதுவரைக்கும் நிற்கட்டும். இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. எதற்காக நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்தப் படத்துல மூணாவது பெஞ்சு, சன்னலோரம். அங்க ஒரு பையன விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. இன்னைக்கு உங்களுக்கு மைக் கட்டினது அவன்தான். ஞாபகம் இருக்கா சார்?"

அவர் விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேடை ஓரத்தில் மிச்ச வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு பையனைத் தேடுவது தெரிந்தது. தேடித் தேடிக் கிடைக்காமல், அவளிடம் திரும்பி, இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்திலாவது ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனிதர். அவளுக்குக் காலடியில் எதுவோ நழுவியது. ஓர் ஆயுளுக்குச் சேர்த்து வைத்த ஆத்திரம், போய்ச் சேர வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. அடுத்த நொடி அது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஞாபகம் கூட இல்லை! அதற்காகவே நிற்கட்டும்.

அண்ணன் முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக வயரைச் சுற்றி முடித்து, கட்டி, கருவிப் பெட்டிமேல் வைத்தான். முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தான். சந்தோஷப்படுவான் என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை. நாற்காலியை மணிக்கூண்டு சாரின் பின்னால், முழங்கால் மடக்கினால் உட்காரும்படி, சத்தம் வராமல் வைத்தான். அவர் திரும்பிப் பார்த்தார், உட்காரவில்லை. அவர் உட்கார மாட்டார் என்பது அண்ணனுக்கும் தெரியும்.

"நான் சொன்னா செல்லாது" என்றான் அவளிடம். "மைக் இன்னும் ஆன்லதான் இருக்கு. சொல்றதுன்னா சொல்லு. எனக்கு வண்டி வந்துடும்."

கருவிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். வராந்தாவில் கோப்பைகள் மோதும் சத்தமும் ஏழாம் வகுப்பு டீச்சரின் சிரிப்பும் கேட்டன. கதவு வழியாக வந்த காற்றில் பலகையின் அட்டைகள் படபடத்தன. அவள் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பில், இந்தக் கட்டடத்தின் மாடியில், மேடைமேல் ஏறி அவள் கத்திய அதே வார்த்தை. வாயைத் திறந்தாள். அவளுடைய மூச்சு நான்கு மூலையிலும் கேட்டது. மணிக்கூண்டு சார், உதட்டில் விரலோடு, காலி நாற்காலிக்கு முன்னால், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.